ஜீப் வண்டி: பழுதுகளும் பராமரிப்பும்

கரடுமுரடான பாதையில் செல்வதற்கென்றே அமைந்த வாகனம் ஜீப். 1941-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க இராணுவத்திற்காகப் பெருவாரியாகச் செய்யப்பெற்ற இவ்வண்டி, இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 6 லட்சத்திற்கும் மேலாக வெளிவந்தது. போர் ஓய்ந்தபின் உழவர்க்கும் ஊர்ப்பணிக்கும் உரிய வண்டியாக அது மாறியது. 1940-களின் இறுதியில், அதன் பாகங்களைப் பம்பாயிலேயே பூட்டி முழு வண்டியாக்கும் தொழில் நம் நாட்டில் தொடங்கிற்று. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கிய பின்னர், வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் அடையாளம் என்னும்படி ஜீப் கிராம மக்களுக்கு அறிமுகமாயிற்று.

அக்காலத்து வண்டிக்கும் இக்காலத்து வண்டிக்கும் உருவத்தில் வேற்றுமை மிகுதி. பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் டீசல் எஞ்சின் இருக்கிறது. ஆயினும் மேட்டிலும் பள்ளத்திலும் செல்லும் உறுதியான வண்டி எதனையும் ஜீப் என்றே அழைப்பது மக்கள் வழக்கு. இக்கட்டுரையிலும் அச்சொல் அப்பொருளிலேயே வருகிறது.

சமவெளியில் ஒரு வண்டி நின்றுவிட்டால் வேலை கெடும், அவ்வளவே. மலையூர்களின் நிலை வேறு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் மட்டும் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு ஜீப் தவிர வேறு மோட்டார் வாகனம் செல்வது அரிது. போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் தொழிலாளர்கள் ஜீப்பிலேயே மலை கடந்து செல்கின்றனர். இத்தகைய இடங்களில் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்வதும், நோயாளியையும் பேறுகாலப் பெண்ணையும் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதும் அதே வண்டிதான். அங்கே பிரேக் பிடிக்காமற்போவது உயிர்ச்சேதத்தில் முடியக்கூடும்.

ஜீப் உறுதியான வண்டி என்பது உண்மை. ஆனால் உறுதியானது என்பதனாலேயே அதனைக் கவனியாது விடுகிறோம் என்பதும் உண்மை. மேட்டு நில வண்டியின் பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம் மூன்று: தூசி, நீர், அதிர்ச்சி. இம்மூன்றும் ஒரே நாளில் வண்டியைக் கெடுப்பது அரிது. முன்னதாக ஓசையாலும், வாடையாலும், கசிவாலும் அறிகுறி காட்டியே கெடுக்கின்றன. அவ்வறிகுறிகளை அறிந்துகொள்வதே பராமரிப்பின் முதற்பாடமாகும்.

தூசி

எஞ்சினுக்கு எரிபொருள் எவ்வளவு தேவையோ அதனினும் பன்மடங்கு காற்று தேவை. மண்பாதையில் முன் செல்லும் வண்டி கிளப்பும் புழுதியில் நுண்ணிய மணல் கலந்திருக்கும். அம்மணல் எஞ்சினின் இரும்பைத் தேய்க்கும் அளவு கடினமானது. எஞ்சினுக்குள் அது புகுந்தால் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். பின்னர் எஞ்சின் ஆயில் குறைந்துகொண்டே வரும், நீலப்புகை வெளிவரும், ஏற்றத்தில் வண்டி திணறும்.

இதனைத் தடுப்பது ஏர் கிளீனர். பழைய ஜீப்புகளில் இது எண்ணெய்த் தொட்டியுடன் கூடியது. தொட்டியின் அடியில் சேறு படிந்திருந்தால் எண்ணெயைக் கொட்டி, தொட்டியைக் கழுவித் துடைத்து, குறியிட்ட கோடு வரையில் புது எண்ணெய் ஊற்றவேண்டும். கோட்டிற்கு மேல் ஊற்றினால் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் இது பெரும் அபாயமாகும். பிற்கால வண்டிகளில் காகித வடிகட்டி உள்ளது. அதனை நீரில் கழுவலாகாது. மெல்லிய காற்றை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக ஊதித் துப்புரவு செய்யலாம். கிழிந்திருந்தாலோ மிக அடைத்திருந்தாலோ மாற்றிவிட வேண்டும்.

பலரும் காணத் தவறும் இடம் ஒன்றுண்டு. ஏர் கிளீனருக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால், புழுதிக் காற்று வடிகட்டியைத் தவிர்த்து அவ்வழியே நேராக உட்செல்லும். புது வடிகட்டி போட்டும் பயனில்லை. ஆதலின் வடிகட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அக்குழாயையும் அதன் இறுக்குப்பட்டைகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கிரீஸ் அடிப்பதிலும் தூசியைப் பற்றிய எச்சரிக்கை தேவை. கிரீஸ் நிப்பிளின் மேல் படிந்த மண்ணைத் துடைக்காமல் துப்பாக்கியை வைத்து அழுத்தினால், கிரீசுக்கு முன்னர் மண்ணே உள்ளே போகும். முதலில் துணியால் துடைக்க. பின்னர், நிப்பிள் உள்ள இணைப்புகளில் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரையில் அடிக்க.

நீர்

ஓடையைக் கடக்கும் ஜீப்பில் என்ன நிகழ்கிறது என்பதை அறிதல் நலம். வெகுதூரம் ஓடிய வண்டியின் ஆக்ஸில் ஹவுசிங் சூடாக இருக்கும். அது திடீரெனக் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அவ்வாறு சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளிழுத்துச் சமன் செய்வதற்காக ஹவுசிங்கின் மேல் ‘பிரீதர்’ என்னும் சிறு மூச்சுத்துளை வைக்கப்பட்டிருக்கிறது. அத்துளை சேற்றால் அடைபட்டிருந்தால், ஆயில் சீல்களின் வழியாக நீர் உறிஞ்சப்படும். உட்சென்ற நீர் கியர் ஆயிலோடு கலந்து, அதனைப் பால் கலந்த தேநீரின் நிறத்திற்கு மாற்றிவிடும். அத்தகைய ஆயில் பற்சக்கரங்களையும் பேரிங்குகளையும் காப்பதில்லை, துருப்பிடிக்கச் செய்கிறது.

ஆகவே ஆழமான நீரைக் கடந்த வண்டியில் முன் ஹவுசிங், பின் ஹவுசிங், கியர்ப் பெட்டி ஆகியவற்றின் ஆயிலைச் சோதிக்க வேண்டும். வெளுத்திருந்தால் உடனே முழுவதும் வடித்து மாற்றவேண்டும். பிரீதரை மாதம் ஒருமுறையேனும் கழற்றிச் சுத்தம் செய்வது நன்று.

ஓடும் வெள்ளத்தில் வண்டியை இறக்குதல் கூடவே கூடாது. தேங்கிய நீராயினும், ஆழம் அறியாமல் இறங்கலாகாது. நீர் சக்கரத்தின் நடு அச்சிற்கு மேல் இருக்குமாயின் மாற்றுவழி தேடுவதே அறிவுடைமை. இறங்கிய பின்னர் நடைவேகத்தில், நிற்காமல் செல்லவேண்டும். நீரின் நடுவே எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கக்கூடும். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த இயலாது. அந்நிலையில் ஸ்டார்ட்டரைத் திருகினால் கனெக்டிங் ராடு வளையும், எஞ்சினே பாழாகும். வண்டியைக் கரையேற்றி, மெக்கானிக் வந்து இன்ஜெக்டர்களை அல்லது பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றிய பின்னரே இயக்கவேண்டும்.

நீரைக் கடந்தவுடன், மெல்லச் சென்றவாறே பிரேக்கைச் சில முறை இலேசாக அழுத்துக. அச்சூட்டில் பிரேக் உலர்ந்து, பிடிப்பு மீளும். வீடு சேர்ந்ததும் பிராப்பெல்லர் ஷாஃப்டின் இணைப்புகளுக்குக் கிரீஸ் அடித்தால் உள்ளே புகுந்த நீர் வெளியேறிவிடும்.

டீசலிலும் நீர் கலப்பதுண்டு. டீசல் பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய நீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். புதுவகை எஞ்சின்களில் டீசல் குழாயினுள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 1000 மடங்கிற்கும் மேல் இருக்கும். எஞ்சின் ஓடும்போது அக்குழாய்களைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து. பழைய எஞ்சினில் பழகிய கை இங்கே அடங்கியிருத்தல் வேண்டும்.

அதிர்ச்சி

கல்லும் குழியும் நிறைந்த பாதையில் ஓடும் வண்டியின் ஒவ்வொரு போல்ட்டும் நாள்தோறும் தளர்ந்துகொண்டே இருக்கிறது. முதலிற் பார்க்கவேண்டியவை, வில்பட்டைகளை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள். இவை தளர்ந்தால் பட்டைகளின் நடுப்போல்ட் முறியும். ஆக்ஸில் தன் இடம்விட்டு நகரும். வண்டி ஒருபுறமாகச் சாய்ந்து இழுக்கும். புதிதாகப் பட்டை மாற்றிய வண்டியில் சில நாள் ஓட்டத்திற்குப் பின் யூ போல்ட்டுகளை மறுமுறை முடுக்குவது மிக அவசியம். சக்கர நட்டுகளுக்கும் இவ்விதி பொருந்தும். நட்டுகளை வரிசையாக முடுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கவேண்டும்.

அடுத்தது ஸ்டியரிங். டை ராடின் முனையிலுள்ள குண்டு இணைப்பை ஒரு சிறு ரப்பர் உறை மூடியிருக்கும். அவ்வுறையின் விலை அற்பம். அது கிழிந்தால் கிரீஸ் வெளியேறித் தூசி உட்புகும், குண்டு தேயும், ஸ்டியரிங்கில் ஆட்டம் தோன்றும், டயர் ஒருபுறம் தேயும். அப்போதும் கவனியாது விட்டால், ஒருநாள் வளைவில் திரும்பும்போது இணைப்பே கழன்றுவிடும். அற்ப விலைப் பொருளைக் கவனியாததனால் நேரும் கேட்டின் அளவை இதனால் உணரலாம்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்தி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங்கோ கிங் பின்னோ தளர்ந்திருக்கிறது. இடவலமாக ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் டை ராடின் முனைகளையும் சோதிக்கவேண்டும். வண்டி கிளம்பும்போது அடியில் ‘டக்’ என்று ஓசை எழுமாயின், பிராப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம். அது முறிந்தால் ஷாஃப்ட் தரையில் விழுந்து பெருஞ்சேதம் விளைவிக்கும்.

இறக்கமும் பிரேக்கும்

மலையில் ஏறுவதற்கு எஞ்சினின் வலிமை வேண்டும். இறங்குவதற்கு ஓட்டுநரின் அறிவு வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது அழுத்திக்கொண்டே வந்தால் சக்கரங்களின் பிரேக் பாகங்கள் கடுஞ்சூடாகும். அச்சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறும். இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 எனக் குறிக்கப்பட்ட பிரேக் ஆயில், புதியதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டிலேதான் கொதிக்க வேண்டும் என்பது அதன் தரவிதி. ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கு நீர் சேர்ந்த நிலைக்கு அதே விதி வகுத்துள்ள அளவு 140 டிகிரி மட்டுமே. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் தோன்றும். ஆவி அழுந்திக் கொடுக்குமாதலால், பெடல் தரைவரை சென்றும் பிரேக் பிடிக்காது. வீட்டு வாசலில் நன்றாகப் பிடித்த பிரேக், மலையின் நடுவில் கைவிடுவது இவ்வாறுதான்.

இதிலிருந்து மூன்று விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, பிரேக் ஆயிலை, குறையாவிடினும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் முழுவதும் மாற்றவேண்டும். இரண்டாவது, எந்தக் கியரில் மலையேற இயலுமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும். எஞ்சினே வேகத்தைப் பெரும்பகுதி தடுக்கும். மூன்றாவது, டீசலை மிச்சப்படுத்தக் கருதி நியூட்ரலிலோ எஞ்சினை அணைத்தோ இறங்கலாகாது. எஞ்சின் அணைந்தால் பிரேக்கிற்கும் பவர் ஸ்டியரிங்கிற்கும் கிடைக்கும் துணைவிசையும் அற்றுப்போகும்.

பிரேக் ஆயில் தொட்டியில் எஞ்சின் ஆயிலை ஊற்றுதல் பெருந்தவறு. உள்ளிருக்கும் ரப்பர் வாஷர்கள் அதனால் ஊதிக் கெட்டுவிடும். தொட்டியில் அளவு அடிக்கடி குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருப்பது பரிகாரமன்று. கசிவையும் தேய்வையும் கண்டறிய வேண்டும்.

பாரமும் பிரேக்கைச் சார்ந்த விஷயமே. அனுமதித்த அளவிற்கு மேல் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிய வண்டியை நிறுத்தப் பிரேக் மிகுதியாக உழைக்க வேண்டும். கூரைமேல் ஏற்றிய பாரமோ வளைவில் வண்டியைக் கவிழ்க்கவும் கூடும்.

நான்கு சக்கர இயக்கம்

ஜீப்பின் தனிச்சிறப்பு நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்துவது. இதனைத் தவறாகக் கையாள்வதால் வரும் பழுதுகள் பல. பெரும்பாலான ஜீப்புகளில் இவ்வியக்கத்தைச் சேர்த்தவுடன் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே சுழற்சியில் பிணைக்கப்படும். ஆனால் வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட மிகுந்த தூரம் செல்லவேண்டும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் சிறிது வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கம் முழுவதும் ஷாஃப்டுகளிலும் பற்சக்கரங்களிலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், கியர் விடுபடாமல் சிக்கும், இறுதியில் ஏதேனும் ஒன்று முறியும். எனவே வழுக்குநிலத்தில் மட்டுமே இவ்வியக்கத்தைச் சேர்க்க. தார்ச்சாலை ஏறியவுடன் விடுவிக்க.

முன்னும் பின்னும் வெவ்வேறு அளவுள்ள டயர்களைப் பூட்டினாலும் இதே கேடு விளையும். மற்றொரு புறம், மாதக்கணக்கில் இவ்வியக்கத்தைத் தொடாமலே விடுவதும் நன்றன்று. மாதம் ஒருமுறை மண்பாதையில் சிறிது தூரம் ஓட்டினால் உட்பாகங்களில் ஆயில் பரவும்.

சூடும் மின்சாரமும்

சேற்றுப்பாதையில் சென்ற வண்டியின் ரேடியேட்டர் இடுக்குகளில் சேறும் வைக்கோற்பிசிறும் அடைத்துக்கொள்ளும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லிய நீர்த்தாரை விட்டுக் கழுவுக. உப்பு மிகுந்த கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப்படிவம் உண்டாகும்; காய்ச்சி வடித்த நீரும் உரிய கூலன்ட்டும் சேர்த்து ஊற்றுவதே முறை. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது. கொதிநீர் பீறிட்டு முகத்தை வெந்துபோகச் செய்யும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்நீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கலாம். ஃபேன் பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குல அளவு அமுங்குவது சரியான இறுக்கம்.

பாட்டரி முனைகளில் வெண்பூசணம் போன்ற படிவு காணப்பட்டால் வெந்நீரால் கழுவி, உலர்த்தி, வாஸ்லின் தடவுக. கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் பூட்டவேண்டும். பாட்டரியிலிருந்து எரியும் தன்மையுள்ள வாயு வெளிவருமாதலால் அருகில் தீக்குச்சி கிழித்தலும் பீடி புகைத்தலும் கூடா.

அறிகுறியும் காரணமும்

பெடல் பஞ்சுபோல் அமுங்குதல்: பிரேக் குழாயில் காற்று புகுந்துள்ளது.

மிதித்த பெடல் மெல்லக் கீழிறங்குதல்: எங்கோ கசிவு உள்ளது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் கெட்டிருக்கிறது.

பிரேக் பிடிக்கையில் ஒருபுறம் இழுத்தல்: ஒரு சக்கரத்தின் லைனிங்கில் எண்ணெய் பட்டுள்ளது, அல்லது சக்கரச் சிலிண்டர் சிக்கியுள்ளது.

எஞ்சின் சுழன்றும் ஏற்றத்தில் வண்டி நகராமை, கருகிய வாடை: கிளச் வழுக்குகிறது.

மிகுந்த கரும்புகை: ஏர் கிளீனர் அடைத்துள்ளது, அல்லது இன்ஜெக்டர் கெட்டுள்ளது.

நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்த் துளி: எந்தப் பாகத்தின் கீழ் விழுந்தது என்பதைக் கொண்டு கசியும் இடத்தை அறியலாம்.

இவற்றுள் பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகியவற்றைச் சார்ந்த பழுதை ஒருநாளும் ஒத்திப்போடலாகாது. இருக்கை கிழிந்திருப்பது காத்திருக்கலாம், இவை காத்திரா.

காலைக் கால்மணி நேரம்

வண்டியைக் கிளப்புமுன் ஓட்டுநர் கால்மணி நேரம் செலவிட்டால் போதும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, சமதளத்தில், ஆயில் கம்பியை எடுத்து இரு கோடுகளுக்கிடையே ஆயில் உள்ளதா எனப் பார்க்கவேண்டும். பின்னர் ரேடியேட்டர் நீர், பிரேக் ஆயில், ஃபேன் பெல்ட், டயர்க் காற்று, சக்கர நட்டுகள், விளக்குகள் ஆகியவற்றைப் பார்த்து, வண்டியின் அடியிற் குனிந்து கசிவு உண்டா என்று நோக்கவேண்டும். இறுதியாகப் பத்தடி தூரம் நகர்த்திப் பிரேக்கைச் சோதித்த பின்னரே புறப்படவேண்டும். மணலுக்காக டயர்க் காற்றைக் குறைத்திருந்தால், தார்ச்சாலையில் ஓட்டுமுன் அதனைப் பழைய அளவிற்கு நிரப்புதல் கட்டாயம்.

பொதுவண்டியும் பொறுப்பும்

சொந்த வண்டியின் ஓசை மாறினால் உரிமையாளர் உடனே உணர்வார். பொதுவண்டிக்கு அத்தகைய செவி இல்லை. ஓட்டுநர்கள் மாறுவர், அதிகாரிகள் மாறுவர், வண்டி மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். இக்குறையைத் தீர்க்கவல்லது ஒரு நோட்டுப்புத்தகம். நாள், ஓடிய கிலோமீட்டர், நிரப்பிய டீசல், ஊற்றிய ஆயில், கண்ட குறை, சரிசெய்த நாள் என ஆறு பத்திகள் அதில் இருந்தாற் போதும்.

அதனை எழுதுவது ஓட்டுநரின் கடமை. படிப்பது நிர்வாகத்தின் கடமை. அதே பாதையில் டீசல் செலவு ஏறினாலும், ஆயில் அடிக்கடி ஊற்றப்பட்டாலும் அப்பக்கங்களே எடுத்துக்காட்டும். ‘கண்ட குறை’ என்ற பத்தியில் பிரேக் என எழுதப்பட்டு, எதிரே ‘சரிசெய்த நாள்’ வெறுமையாக இருக்குமாயின், அன்று வண்டி மலையேறலாகாது என்று ஒரு விதி செய்துகொள்ளுங்கள். குறையைக் கண்டு எழுதிய ஓட்டுநர் தம் கடமையை முடித்துவிட்டார். அதன்பின் வண்டியை அனுப்புவோர் யாரோ, விளைவுக்கும் அவரே பொறுப்பு.

வண்டி வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இம்முறை பயன் தரும். பழுது பார்க்கச் சென்றால், என்று எந்த உறுப்பை மாற்றினோம் என்பதை மெக்கானிக்கிடம் ஊகமின்றிச் சொல்லலாம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அடுத்த முறை ஜீப்பில் ஏறுமுன், ஓட்டுநரிடம் அந்த நோட்டுப்புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்களாக. அவ்வொரு வழக்கம் நிலைபெற்றால், நள்ளிரவில் மலையூரிலிருந்து நோயாளியை ஏற்றிவரும் வண்டி நம்பத்தக்க வண்டியாக இருக்கும்.